காலையில 92, சாயங்காலம் 287: ஸ்டீராய்டு மாத்திரையால வந்த சுகர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு சுகரைப் பத்தி. "அது அப்பா அம்மா கேட்க வேண்டியது"ன்னு நினைச்சு அடுத்ததுக்குப் போயிடாதீங்க. எனக்கு 27 வயசுல சுகர் வந்தது. இனிப்பு தின்னு வரலை. உடம்பு பருமனா இருந்தும் வரலை. வேற ஒரு வியாதிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையால வந்தது. அந்த மாத்திரை இல்லைன்னா என் கிட்னி என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு. அதனால அந்த மாத்திரையைத் திட்டுறதுக்காக நான் இங்க உட்காரலை. அதோட எப்படி வாழுறதுன்னு, நான் தப்பு பண்ணிக் கத்துக்கிட்டதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டத்துல, மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரம். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். ஸ்பைசஸ் போர்டோட ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர்ல நடக்கிற இடங்கள்ல ஒண்ணு எங்க ஊர். இன்னொண்ணு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருக்கிற புத்தடி. எங்க அம்மா இருபது வருஷமா ஏலக்காய் பொறுக்குற வேலை. தரையில உட்கார்ந்து, குவிச்சு வச்ச காயில வெடிச்சது, வெளுத்தது, பூச்சி அடிச்சதை எல்லாம் கையால ஒதுக்கணும். அந்தக் கூலியிலதான் நான் படிச்சேன். இப்ப சென்னையில பெருங்குடிப் பக்கம் ஒரு ஆபீஸ்ல வேலை, பி.ஜி.யில தங்கியிருக்கேன்.

எப்படி ஆரம்பிச்சது

ஒருநாள் காலையில எழுந்து கண்ணாடி பார்த்தா ரெண்டு கண்ணும் வீங்கியிருந்தது. தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன். நாலு நாள்ல காலும் வீங்கிருச்சு. விரலால அழுத்தினா குழி விழுந்து அப்படியே நின்னது. சிறுநீர் நுரை நுரையா போச்சு. டெஸ்ட் பண்ணினா புரோட்டீன் மொத்தமும் சிறுநீர்ல வெளியே போயிட்டு இருக்கு. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு சொன்னாங்க. கிட்னியில இருந்து துளி சதை எடுத்துப் பார்த்துட்டு, "இந்த வகை ஸ்டீராய்டுக்கு நல்லா கட்டுப்படும்"னு டாக்டர் சொன்னார். பிரெட்னிசோலோன், தினமும் காலையில சாப்பிட்ட பிறகு 50 மில்லிகிராம்.

மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சது. வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. ஆனா எனக்கு வேற ஏதோ நடந்துட்டு இருந்தது. மதியத்துக்கு மேல தாகம்னா அப்படி ஒரு தாகம். நாலு மணிக்குள்ள ரெண்டு பாட்டில் தண்ணி காலி. பாத்ரூமுக்கும் சீட்டுக்கும் நடந்துட்டே இருப்பேன். அஞ்சு மணி மீட்டிங்ல ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்து மங்கலாத் தெரியும். சுகரா இருக்குமோன்னு சந்தேகப்பட்டு லேப்ல வெறும் வயித்துல ரத்தம் கொடுத்தேன். 92. நார்மல். சரி, வேலை டென்ஷன்தான்னு விட்டுட்டேன்.

என் டீம்ல ஒரு பொண்ணுக்குச் சின்ன வயசுல இருந்தே டைப் 1 சுகர். நான் தண்ணி குடிக்கிறதைக் கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கா. ஒருநாள் சாயங்காலம், "அக்கா, கையைக் கொடுங்க"ன்னு அவ குளுக்கோமீட்டரை எடுத்து, எனக்குன்னு புது ஊசி மாட்டிக் குத்திப் பார்த்தா. 287.

காலையில 92, சாயங்காலம் 287. மெஷின் கெட்டுப்போச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டுமே சரியான நம்பர்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் நினைவுல வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க: காலையில பிரெட்னிசோலோன் போடுறவங்களுக்கு வர்ற சுகர் பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் ஏறும். வெறும் வயித்து டெஸ்ட்ல அது தப்பிச்சுடும்.

ஸ்டீராய்டுன்னா என்ன?

ஜிம்ல உடம்பு ஏத்தப் போடுறாங்களே, அந்த ஸ்டீராய்டு வேற. அது ஆண் ஹார்மோன் வகை. நான் சொல்றது கார்ட்டிசால் வகை. நம்ம ரெண்டு கிட்னிக்கு மேலயும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, அட்ரினல்னு பேர். அது தினமும் கார்ட்டிசால் சுரக்கும். விடியற்காலையில அதிகமா, ராத்திரியில குறைவா. உடம்புக்கு ஒரு ஆபத்துன்னா கூடுதலா சுரந்து, உடனடி சக்திக்காக ரத்தத்துல சர்க்கரையை ஏத்தி வைக்கும். அது உடம்போட இயல்பான வேலை.

1948-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச் அப்படிங்கிற டாக்டர், மூட்டுவாதத்துல முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இந்த வகை மருந்தான கார்ட்டிசோனைக் கொடுத்தார். சில நாள்ல அவங்க எழுந்து நடந்தாங்க. 1950-ல அவருக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன்னு இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. இன்னைக்கு ஆஸ்துமா முற்றினா, லூபஸ் வந்தா, மாத்தி வச்ச கிட்னியை உடம்பு ஏத்துக்கணும்னா, என்னை மாதிரி புரோட்டீன் ஒழுகினா, பல நேரம் முதல்ல கை கொடுக்கிறது இதே குடும்பத்து மருந்துதான்.

2020 ஜூன்ல இங்கிலாந்துல ரெக்கவரின்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்தது. ஆக்சிஜன் தேவைப்படுற கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தா உயிரிழப்பு குறையுதுன்னு காட்டினாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு சாவு குறைஞ்சது. விலை மலிவான பழைய மருந்து. ஆனா அடுத்த வருஷம் நம்ம நாட்டு ரெண்டாவது அலையில இதோட மறுபக்கத்தையும் பார்த்தோம். கருப்புப் பூஞ்சை ஞாபகம் இருக்கா? 2021 ஜூன் கடைசியில மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாட்டுல 40,000-க்கும் மேல கேஸ். அதுல நூத்துக்கு 64 பேருக்குச் சுகர் இருந்தது. பாதிப் பேருக்கு மேல ஸ்டீராய்டு எடுத்திருந்தாங்க. அளவும் நாளும் கணக்கா இருந்தா உயிரைக் காப்பாத்துற மருந்து, கணக்கு தப்பினா வேற வாசலைத் திறந்து விட்டுடுது.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். தினமும் விடியக்காலையில போடியில இருந்து ஜீப் ஜீப்பா ஆளுங்க மலையேறுவாங்க, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்ட வேலைக்கு. வழியில போடிமெட்டு செக்போஸ்ட். சர்க்கரையை அந்த ஜீப்னு வச்சுக்கங்க. ரத்தக்குழாய்தான் ரோடு. தசையும் கொழுப்பும் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள். இன்சுலின்தான் கேட்டைத் தூக்கி ஜீப்பை உள்ள விடுற ஆள்.

ஸ்டீராய்டு மூணு வேலை பண்ணுது. ஒண்ணு, கீழ இருந்து வர்ற ஜீப்பை அதிகமாக்குது. அதாவது கல்லீரல் புதுசா சர்க்கரை தயாரிச்சு ரோட்டுல விடுது. ரெண்டு, கேட்டைத் துருப்பிடிக்க வைக்குது. இன்சுலின் தூக்கினாலும் சீக்கிரம் திறக்காது. மூணு, நெரிசல் ஆகுதுன்னு கூடுதல் ஆள் கேட்டா, கணையத்தால அந்த அளவுக்கு அனுப்ப முடியாம பண்ணுது. விளைவு, மலைப்பாதை முழுக்க ஜீப் வரிசை. அதுதான் 287.

பிரெட்னிசோலோனைக் காலையில எட்டு மணிக்குப் போட்டா சர்க்கரை மேல அதோட வேகம் மதியம் தொடங்கி சாயங்காலம் வரைக்கும். ராத்திரி தணியும். விடியும்போது ரோடு காலி. அந்த நேரத்துல போய் எண்ணினா ஜீப்பே இல்லைன்னுதான் வரும்.

அதனால ஸ்டீராய்டு ஆரம்பிச்சவங்க டாக்டர்கிட்ட கேட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சோ, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியோ பாருங்க. 200-ஐத் தாண்டி, கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர் இருந்தா அது சுகர்தான். ஹெச்பிஏ1சி டெஸ்ட் மூணு மாசச் சராசரி சொல்றது. மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துல அதைப் பார்த்தா நல்லா இருக்கிற மாதிரிதான் காட்டும்.

வீட்டுல சுகர் இருக்கிறவங்க, பிசிஓஎஸ் இருக்கிறவங்க, எடை கூடுதலா இருக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். மூட்டுல போடுற ஸ்டீராய்டு ஊசியும் சில நாளைக்குச் சுகரை ஏத்தலாம். ஆனா ஆஸ்துமா இன்ஹேலர் வழக்கமான அளவுல இருந்தா பயம் ரொம்பக் குறைவு. தயவுசெஞ்சு இதைக் கேட்டுட்டு இன்ஹேலரை நிறுத்திடாதீங்க.

நான் பண்ணின பெரிய தப்பு

287-ஐப் பார்த்த அன்னைக்கு ராத்திரி எனக்கு மாத்திரை மேலதான் கோவம். ஏற்கெனவே முகம் உப்பி, பருவந்து, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் இல்லாம, எப்பவும் பசியோட இருந்தேன். இப்ப சுகரும். "சுகர் வந்த பொண்ணுன்னு தெரிஞ்சா வரன் பார்க்கிறப்ப என்ன சொல்றது"ன்னு சித்தி போன்ல கேட்டது வேற மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது. யார்கிட்டயும் கேட்காம மறுநாள்ல இருந்து ஸ்டீராய்டை நிறுத்திட்டேன்.

மூணாவது நாள் கட்டில்ல இருந்து எழ முடியலை. எழுந்தா கண்ணு இருட்டுச்சு. வாந்தி. ரூம் மேட் ஆட்டோ பிடிச்சு எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனா. பிபி தரைமட்டத்துல இருந்தது.

காரணம் இதுதான். வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துட்டே இருந்தா, "நமக்கு வேலை இல்லை"ன்னு அட்ரினல் சுரப்பி தூங்கிடும். மூணு வாரத்துக்கு மேல போட்டவங்க திடீர்னு நிறுத்தினா, உள்ள இருந்தும் வராது, வெளியில இருந்தும் வராது. உயிருக்கே ஆபத்து. அதனாலதான் டாக்டர்கள் படிப்படியாக் குறைக்கிறாங்க. சுகர் ஏறினா சுகருக்கு மருந்து சேர்க்கணும். ஸ்டீராய்டுல நாமளா கை வைக்கக் கூடாது.

இன்சுலினோட ஒரு நாள்

டாக்டர் எனக்குக் காலையில மட்டும் ஒரு இன்சுலின் கொடுத்தார். பால் மாதிரி கலங்கலா இருக்கும். உள்ளங்கையில உருட்டிக் கலக்கிட்டுப் போடணும். அது வேலை செய்ற நேரமும் பிரெட்னிசோலோன் சுகரை ஏத்துற நேரமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கும். அதான் கணக்கு. சிலருக்கு மாத்திரையே போதும். அதை முடிவு பண்றது டாக்டர்.

சாப்பாட்டுல நான் கத்துக்கிட்டது, எவ்வளவுங்கிறதோட எப்பங்கிறதும் முக்கியம்னு. காலையில ரெண்டு இட்லி எனக்குப் பெரிய பிரச்சினை பண்ணலை. மதியச் சோறும் நாலு மணி டீயும் பஜ்ஜியும்தான் ஏத்துச்சு. சோத்தைப் பாதியாக்கி, கீரை, முட்டை, சுண்டலைக் கூட்டினேன். கிட்னிக்காக அப்பளம், ஊறுகாயை விட்டேன். டீயில சர்க்கரைக்குப் பதிலா ஏலக்காய் தட்டிப் போட்டுக்கிட்டேன். எங்க வீட்டுல அதுக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் ஆபீஸைச் சுத்தி கால் மணி நேர நடை. நடக்கும்போது தசை இன்சுலினை அவ்வளவா எதிர்பார்க்காம சர்க்கரையை இழுத்துக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு குறையும்போது இன்சுலினும் குறையணும். 50-ல இருந்து 40 ஆனப்ப நான் பழைய அளவையே போட்டுட்டேன். மத்தியானம் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மீட்டர்ல 58. எழுபதுக்குக் கீழ போனா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். இப்பவும் என் பேக்ல ஒரு சின்ன டப்பாவுல சர்க்கரை இருக்கு.

அம்மாவோட முகம்

இந்த எபிசோடை நான் பண்றதுக்கே காரணம் இனிமேல் சொல்றதுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல நின்னு போயிருந்த போடி ரயில் 2023 ஜூன்ல திரும்ப வந்ததுல இருந்து அதுலதான் போறது. ஸ்டேஷனுக்கு அம்மா வந்திருந்தாங்க. பக்கத்துல இருந்த அத்தை, "பாரு, உங்கம்மா முகம் எப்படித் தெளிஞ்சு பூரிச்சுக் கெடக்குன்னு"ன்னாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன். கன்னம் உருண்டை. கழுத்துக்குப் பின்னால திமில் மாதிரி ஒரு மேடு. கை கால் மட்டும் மெலிஞ்சிருக்கு. அது என் முகம். ஆறு மாசமா நான் கண்ணாடியில பார்த்துட்டு இருந்த அதே முகம்.

"அம்மா, என்ன மாத்திரை போடுறீங்க?"

"எனக்கென்ன தாயி மாத்திரை? மூட்டு வலிக்குத்தான், கடையில ஒரு செட்டு வாங்கிப் போடுவேன். போட்டாத்தான் உக்காந்து காய் பொறுக்க முடியுது."

"எத்தனை நாளா?"

"போன ஆடியில இருந்து."

வெள்ளைத்தாள்ல மடிச்ச மூணு மாத்திரை. பேர் இல்லை, அட்டை இல்லை. காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. வீட்டுல என் மீட்டர்ல பார்த்தேன். மதியம் 271. மறுநாள் வெறும் வயித்துல 148. அம்மாவுக்கு முன்னாடி சுகர் கிடையாது.

கடைக்குப் போய் அட்டையைக் காட்டச் சொல்லி நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சுக் காட்டினார். அதுல ஒண்ணு டெக்ஸாமெத்தசோன். சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்து. மாத்திரை சின்னதுதான், ஆனா முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் அஞ்சு மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதோட வேகம் ஒரு நாளைக்கு மேலயும் நிற்கும். ராத்திரியும் போட்டதால அம்மாவுக்கு விடியற்காலையில கூட ரோடு காலியாகலை.

கோவத்துல பொட்டலத்தைச் சாக்கடையில வீசப் போனேன். கை நின்னுருச்சு. மூணு நாள் நிறுத்தினதுக்கே நான் எமர்ஜென்சியில கிடந்தேன். அம்மா ஆறு மாசமாப் போடுறாங்க. பொட்டலத்தோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் அதை எடை போட்ட மாதிரி கணக்குப் பண்ணி, அளவு தெரிஞ்ச ஸ்டீராய்டுக்கு மாத்தி, பல வாரமாக் குறைச்சுக்கிட்டே வந்தார். சுகருக்கு மெட்ஃபார்மின். மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்து, பிசியோதெரபி.

முதல் மாசம் அம்மா என்கிட்ட பேசவே இல்லை. வலி திரும்ப வந்துருச்சு. பத்து நாள் கூலி போச்சு. "நீ சென்னையில உக்காந்துட்டு சொல்லிருவ"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த மாத்திரை அம்மாவுக்கு வியாதியா தெரியலை, வேலைக்குப் போக வழியா தெரிஞ்சது. கடையில சொல்லி இப்ப குட்டி முக்காலி போட்டு உட்காருறாங்க. வலி இருக்கு, குறைவா இருக்கு.

இப்ப

எனக்கு பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்கு வந்தாச்சு. இன்சுலின் நின்னு நாலு மாசம் ஆகுது. பலருக்கு ஸ்டீராய்டு போனா இந்தச் சுகரும் போயிடும். ஆனா ஒருதடவை வந்தவங்களுக்குப் பின்னால நிரந்தரமா வர வாய்ப்பு கூடுதல். அதனால வருஷா வருஷம் பார்க்கணும். அம்மாவுக்கு முழுசாப் போகலை. மெட்ஃபார்மின் தொடருது.

உங்ககிட்ட நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. நீங்க ஸ்டீராய்டு போடுறவங்களா இருந்தா மதியத்துக்கு மேல ஒருதடவை சுகர் பாருங்க, நீங்களா நிறுத்தாதீங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் பண்ணும்போது, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டதோட, "என்ன மாத்திரை போடுறீங்க, அட்டையைக் காட்டுங்க"ன்னும் கேளுங்க. அட்டை இல்லைன்னு சொன்னா, அவங்க முகத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. திட்டாதீங்க. அடுத்த லீவுல பொட்டலத்தோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.